அக்காவின் அடக்கப் பாட்டுக்கு ஒத்திகை

1

இப்போதெல்லாம் துக்க வீட்டுக்கு ஆள் வருவதில்லை. கைபேசியில் கை கூப்பிய படம்தான் வருகிறது. வருகிறவனும் பெட்டியின் தலைமாட்டில் நின்றுகொண்டு, வெளிநாட்டில் இருக்கிற மருமகனுக்குப் படம் பிடித்துக் காட்டுகிறான். ‘கொஞ்சம் தள்ளி நில்லுங்க, முகம் தெரியல’ என்று என்னிடமே ஒருத்தன் சொன்னான். சாவதற்கு முன்னால் அந்த மனுஷனை ஒரு தடவை வந்து பார்த்தாயா என்று கேட்டால், லீவு கிடைக்கவில்லையாம்.

இதை எங்கள் ஐயரிடம் சொல்லித் தொலைத்தேன். (சபைக் குருவானவரை இங்கே ஐயர் என்றுதான் சொல்வோம்.) அவர் உடனே, ‘அண்ணாச்சி, சபைப் பத்திரிகைக்கு மரண ஆயத்தம் பத்தி ஒண்ணு எழுதித் தாங்களேன்’ என்றார். எனக்குப் பிரசங்கம் வராது. ஆயத்தமாகச் செத்தேன் என்று எவனும் திரும்பி வந்து சொன்னதும் இல்லை. என் அக்கா ஞானசெல்வத்துக்கு நடந்தது ஒன்று தெரியும், அதை வேண்டுமானால் கதையாக எழுதித் தருகிறேன் என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதை இது.

2

முதல் தொடக்கம்: ‘முக்கூடலுக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கரையில், ஓர் அழகிய ஊரில் பக்தியுள்ள விதவை ஒருத்தி...’

[பக்தி உண்டு. வாயும் உண்டு. ‘அழகிய’ என்பதை எங்கள் பஸ் நிறுத்தத்தில் ஒரு நிமிஷம் நின்று பார்த்தால் நீங்களே அடித்துவிடுவீர்கள்.]

இரண்டாவது தொடக்கம்: ‘மரணம் என்பது ஒரு’

[ஒரு என்ன? எனக்கு எப்படித் தெரியும்?]

மூன்றாவது: பாளையங்கோட்டை டாக்டர் அக்காவின் இருதயத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

சரி, இதுவே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்த அன்றே அக்கா ஆயத்தத்தைத் தொடங்கிவிட்டாள். வெள்ளைச் சேலைக்கு இஸ்திரி போடச் சொன்னாள். மகள் டார்லின் அழுதுகொண்டே போட்டாள். ‘ஏட்டி, சேலையில கண்ணீர் விழுது, கறை புடிக்கும். இன்னொண்ணு கேட்டுக்க. பெட்டிக்குள்ள பிளாஸ்டிக் பூவ வச்சே, எந்திச்சு வந்துருவேன்’ என்றாள்.

பிறகு ஐயர் திருவிருந்து கொடுக்க அப்பமும் திராட்சை ரசமும் கொண்டுவந்தார். படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து கொடுப்பது வழக்கம். கொடுப்பதற்கு முன்னால் கேட்பதும் வழக்கம்.

‘யார் மேலயாவது மனஸ்தாபம் உண்டாம்மா?’

‘ஒருத்தி மேல உண்டு.’

அந்த ஒருத்தி லில்லிபாய், அக்காவின் நாத்தனார்; காலமான எங்கள் அத்தானின் தங்கை. வீடு அடுத்த தெருவில்தான். போன வருஷத்து அசனத்தில், அதாவது கோயிலில் கறியும் சோறும் ஆக்கி ஊருக்கே பந்தி போடுகிற பண்டிகையில், ஜெபம் முடியுமுன்னே ஒரு வாளி கறியைக் காணவில்லை. அக்கா பந்தி நடுவில் எழுந்து நின்று, ‘லில்லி வீட்டு அடுப்படியில போய்த் தேடுங்க’ என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து லில்லிபாய் எங்கள் தெருவில் கால் வைக்கவில்லை. கோயிலிலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, திருவிருந்து எடுக்காமல் போய்விடுவாள்.

‘அவங்களக் கூப்பிட்டுப் பேசிருங்களேன்’ என்றார் ஐயர்.

‘நான் சொன்னது நெசம், ஐயா. நெசத்துக்கு எதுக்கு மன்னிப்பு?’

ஐயருக்குச் சின்ன வயசு. ஆனாலும் அசரவில்லை. ‘அப்போ ஒப்புரவானதும் சொல்லி அனுப்புங்க, வாரேன்’ என்று பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திருவிருந்து எடுக்காமல் கண்ணை மூடுவதுதான் அக்காவுக்கு உலகத்தில் இருந்த ஒரே பயம்.

‘லில்லிய நான் போய்க் கூட்டிட்டு வரட்டா?’ என்றேன்.

‘அவளா வரட்டும்.’

‘அதுக்குள்ள நீ போயிட்டா?’

‘போனா போறேன்’ என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

[இங்கே ‘கண்ணீர் வழிந்தது’ என்று எழுதி அடித்தேன். எனக்குத் தெரிந்தது அவள் பின்தலைதான்.]

3

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுவை வீட்டுக்கு வரச் சொன்னாள். ‘இவங்க அடக்கப் பாட்டு பாடுனா பெட்டிக்குள்ள கெடக்கவனே காதப் பொத்திக்கிடுவான். நான் இருக்கையிலயே திருத்திட்டுப் போறேன்.’

கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். அவள் கட்டில் சட்டத்தில் தாளம் தட்டினாள். ‘ஏ, இழுக்காதீங்க! நான் சாவுதது போதாதா, பாட்டையும் சேத்துச் சாவடிக்கணுமா?’ ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னதும் அவள்தான். கொஞ்ச நேரத்தில் களைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவர்கள் புத்தகத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டே இருந்தார்கள்.

நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கோயில் மணி ஒற்றை ஒற்றையாக விழுந்தது. துக்க மணி. எவன்லே போயிட்டான் என்று தெருவைப் பார்த்தேன்.

நடந்தது இதுதான். கோயிலைக் கூட்டி மணியடிக்கிற ஜெய்சன் சைக்கிளில் போகும்போது பாட்டைக் கேட்டிருக்கிறான். அடக்கப் பாட்டு, அதுவும் ஞானசெல்வம் வீட்டில். உள்ளே எட்டிப் பார்க்கக்கூட இல்லை; நேரே போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டான். கேட்டவர்களிடமெல்லாம் பேரையும் சொல்லிவிட்டான்.

பூக்கடை பெருமாள்ராஜ் மாலையோடு வந்து என் கையைப் பிடித்தார். ‘அண்ணாச்சி, அக்கா எப்பம் தவறுனாங்க?’

‘எந்த அக்கா?’

‘ஒங்க அக்காதான்வே!’

‘அவ உள்ள எல்லாரையும் ஏசிட்டுல்லா கெடக்கா!’

அதற்குள் தலைமுடி அவிழ்ந்து கிடக்க லில்லிபாய் ஓடி வந்தாள். என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

4

[இந்த இடத்தை உருக்கமாக எழுதிப் பார்த்தேன். சிரிப்புதான் வந்தது. நடந்தபடியே எழுதுகிறேன்.]

லில்லிபாய் கட்டில் மேல் விழுந்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பாட்டு நின்றுபோனது.

‘ஏ மைனி! வாளிய எடுத்தது நாந்தான் மைனி! எம்மவன் கங்கைகொண்டான் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்தான், பந்திக்கு வர முடியலயேன்னு எடுத்துட்டேன். ஒரு வார்த்த கேட்டிருந்தா நீயே அள்ளித் தந்திருப்பியே! நான் கள்ளியாட்டம் தெருவச் சுத்திப் போனேனே! இனும ஒன்ன மாரி மீன்கொழம்பு யாரு வைப்பா மைனி!’

வாளி வரைக்கும் அக்கா அசையவில்லை. மீன்குழம்பு வந்ததும் வயிறு குலுங்க ஆரம்பித்தது.

‘புளி கூடுதல்னு ஊரெல்லாம் சொன்னது நீதானளா?’ என்றாள், கண்ணைத் திறக்காமல்.

லில்லிபாய் போட்ட சத்தத்தில் ஒரு பாடகர் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டார். அப்புறம் அவள் அக்காவின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அப்புறம் கட்டிக்கொண்டாள்.

‘நெசம்னாலும் நான் பந்தி நடுவுல சொல்லிருக்கக் கூடாதுளா’ என்றாள் அக்கா. ‘நீ தல குனியணும்னுதான் சொன்னேன். மன்னிச்சிரு.’

‘போ மைனி. நான் களவாண்டத விடவா?’

ஐயர் அடக்க ஆராதனைக்கான புத்தகத்தோடு ஓடி வந்து வாசற்படியில் நின்றுவிட்டார். ‘ஐயா, அத அங்கன வச்சிட்டு மத்தத எடுத்துட்டு வாங்க. ரெண்டு பேருக்கு’ என்றாள் அக்கா. இருவரும் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்தார்கள். பெருமாள்ராஜ் மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை நின்றார்.

5

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதாபாத்திரத்தை நான் நம்பவில்லை.

‘லில்லி காதுல விழணும்னுதான ஜன்னலத் தொறக்கச் சொன்ன?’ என்று அக்காவிடமே கேட்டேன்.

‘வேர்த்துச்சுலே.’*

*மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

6

முடிவுகள்.

ஐயருக்குப் பிடித்தது: ‘அன்று மாலையே அவள் சமாதானத்தோடு’ [அடித்தாயிற்று. அன்று மாலை அவள் இரண்டு இட்லி தின்றாள்.]

டார்லினுக்குப் பிடித்தது: ‘டாக்டரே வியக்கும்படி குணமடைந்து’ [அதுவும் பொய். கால் வீக்கம் வற்றவில்லை.]

நேற்று இவ்வளவையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். லில்லிபாயும் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இப்போது தினமும் வந்துவிடுகிறாள்.

‘முடிவு எங்கலே?’ என்றாள் அக்கா.

‘நீ இருக்கியே, எங்கன முடிக்க?’

‘கதையிலதான, சாவடிச்சிரு. எப்படிப் போறேன்னு நானும் கேட்டுக்கிடுதேன்.’

‘வெளையாடாத.’

‘வெளையாடல. ஆண்டவர் வீட்டுக்குப் போறதுக்கு எனக்கு என்னலே? எழுது.’

பேனாவை எடுத்தேன். ‘அக்கா’ என்று எழுதினேன். அதற்கு மேல்

‘ஏளா லில்லி, சாவப்போறது நானு. இவன் பேனாவ மூடுததப் பாத்தியா?’

காகிதத்தைக் கட்டிலில் போட்டுவிட்டு எழுந்தேன். முடிவு வேண்டும் என்கிறவர்கள் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னால் ஆகாது.

‘பைய போலே’ என்றாள் அக்கா. ‘நான் ஆயத்தம்னு இப்பமாவது நம்புதியா?’

‘இல்ல’ என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். தெருமுனை திரும்புகிறவரை இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்படிச் சிரிக்க அதில் என்ன இருக்கிறது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.