வெள்ளைப் புள்ளி

காலை ஒன்பது பத்துக்கு அக்காவின் கார் பட்டறைக்குள் வந்து நின்றது. பானட் இடுக்கு வழியே ஆவி.

"சிக்னல்ல நின்னா சூட்டு முள்ளு ஏறுதுடா. ஓட்டினா இறங்குது. மூடியத் திறந்து தண்ணி ஊத்தட்டுமா?"

"கை வச்சிடாதக்கா. சூட்டுல ரேடியேட்டர் மூடியத் திறந்தா கொதிநீர் மூஞ்சியில பீச்சும்."

"உங்க அத்தானா இருந்தா இந்நேரம் திறந்திருப்பாரு. குக்கர்ல ஆவி அடங்கறதுக்குள்ள மூடியத் தட்டுற ஆளு."

மெக்கானிக் சிரித்தான். அத்தான் அன்று அம்மாவை வேனில் ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கும் மாமா வீட்டுக்குக் கிளம்பியிருந்தார். அவர் இல்லாத இடத்தில் அவர் காலை வாருவது அக்காவுக்கும் தம்பிக்கும் பழகிப்போன வேலை.

அரை மணி நேரம் ஆறவிட்டான். நீர் ஊற்றி இன்ஜினை ஓடவிட்டான். முள் ஏறியது. ரேடியேட்டருக்குப் பின்னால் விசிறி அசையவில்லை. ஏசியைப் போட்டான். ஏசி ஓடினால் விசிறியும் சுற்ற வேண்டும்; அப்போதும் இல்லை. அணைத்துவிட்டு ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தான். அறுந்திருக்கவில்லை. விசிறியின் பிளக்கைக் கழற்றி, பேட்டரியிலிருந்து இரண்டு வயர் இழுத்து நேராகக் கொடுத்தான். விசிறி சீறிக்கொண்டு சுற்றியது.

"மோட்டார் கல்லு மாதிரி இருக்கு. கரண்ட்தான் வந்து சேரல."

மிச்சம் இருந்தது ரிலே. தீப்பெட்டியில் பாதி அளவுக் கறுப்புக் கட்டை. விசிறிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுவது அதுதான். ஹாரனுக்கும் அதே வகை. ஹாரன் ரிலேவைப் பிடுங்கி விசிறியின் இடத்தில் செருகினான். பிளக்கை மாட்டி ஏசியைப் போட்டதும் விசிறி சுற்றியது.

"அவ்வளவுதானா?" என்றாள் அக்கா. "இதுக்கா இவ்வளவு பில்டப்பு?"

செத்த ரிலேவை வீசப் போனவன் அதைத் திருப்பிப் பார்த்தான். அடியில், கால்களுக்கு நடுவே, ஒரு வெள்ளைப் புள்ளி. நெயில் பாலிஷ். அவன் வைத்தது.

கெட்டுப்போன ரிலே எதுவானாலும் அடியில் புள்ளி வைத்துச் சிவப்பு டப்பாவில் போடுவான். தூக்கிப் போட மனசு வராது. புதியவை நீல டப்பாவில். இரண்டும் ஒரே பலகையில், ஒட்டினாற்போல.

"இது எப்படி உன் கார்ல வந்துச்சு?"

"எப்படியா? நீதானே குடுத்த! போன வாரம் ஃபேன் சரியா ஓடலன்னு அவர் வந்தாரே. நீ லாரிக்கு அடியில படுத்திருந்தியாம். மேல டப்பால இருக்கு, எடுத்துக்குங்க அத்தான்னு சொன்னியாம்."

சொன்னான். லாரிக்கு அடியிலிருந்து, தலையை வெளியே நீட்டாமல். எந்த டப்பா என்று சொல்லவில்லை.

"மாத்தினப்புறம் ஓட்டிப் பாக்கலையா?"

"இன்னைக்குத்தான் எடுக்கிறேன்."

"எத்தனை எடுத்தாரு?"

"ரெண்டு. வேனுக்கும் இதேதானாம். மலை ஏறணுமே, எதுக்கும் புதுசா இருக்கட்டும்னு, நல்லா ஓடிட்டிருந்ததக் கழட்டிட்டு நேத்து சாயங்காலம் மாட்டினாரு. பெரிய மெக்கானிக்கு."

சிரித்துக்கொண்டே சொன்னவள் தம்பியைப் பார்த்து நிறுத்தினாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவள் பார்வை மெல்ல ரேடியேட்டர் மூடிக்குப் போனது.

அத்தானை அழைத்தான். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்து ஓய்ந்தது. அம்மாவின் எண்ணைத் தட்டினான்.

அம்மா எடுத்தாள்.

"வண்டி நின்னுபோச்சுப்பா. நாலாவது வளைவுல. ஒரே புகை. நான் இறங்கி ஓரமா ஒரு கல்லு மேல உக்காந்துட்டேன். காத்து ஜிலுஜிலுன்னு வருது."

"அத்தான் எங்கம்மா?"

"மாப்பிள்ளையா? வண்டிக்கு முன்னாடிதான் நிக்கிறாரு. கையில துண்டைச் சுத்திக்கிட்டு என்னவோ மூடியத் திருகுறாரு. இறுகிக் கிடக்குதாம்."

"கத்தும்மா! தொடாதீங்கன்னு கத்து! அம்மா... அம்மா, அது என்ன சத்தம்?"