ஈசானிய மூலையில் ஒரு கப்பல்

ஓவர்சியர் அருளப்பனின் வலது கால் தரைப்பலகையை உடைத்துக்கொண்டு முழங்கால்வரை கப்பலுக்குள் இறங்கியபோது, பெரியகருப்பன் சொன்ன முதல் வார்த்தை, "பாத்தீங்களா, எம்புட்டு ஆழம்னு?" என்பதுதான்.

திண்டுக்கல்லில் கடல் கிடையாது. இருக்கிற குளங்களிலும் பாதி வருஷம் மாடு மேய்கிறது. அந்த ஊரில் ஒரு மனிதர் வீட்டு முற்றத்தில் பாய்க்கப்பல் நிற்கிறதென்றால், புகையிலை வியாபாரத்தில் அவருக்குத் தேவைக்குமேல் கிடைத்துவிட்டது என்று பொருள். நாலு வருஷத்துக்கு முன்பு தூத்துக்குடிக்குச் சரக்கு விற்கப் போனவர், சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு துரையிடம் இதை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டவர்களுக்கு, "தொரை உக்காந்த எடத்துல நாம உக்காரணும்ல? அதுக்குப் பேருதானய்யா சுதந்திரம்" என்று விளக்கம் சொன்னார். பாய்மரம் லாரிக்கு நீளமாக இருந்ததால் தூத்துக்குடியிலேயே தங்கிவிட்டது. பாய் மட்டும் வந்தது. அதில் அவர் மனைவி சண்முகவள்ளி மிளகாய் காயப்போட்டாள்.

கப்பல் என்பது அவர் வைத்த பெயர். உண்மையில் ஒரு லாரி நீளத்துக்குப் படகு. நடுவில் ஓர் அறை. அதில் நாலு பேர் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்காரலாம். முகப்பில் காலமான தன் தாயார் நினைவாக 'எஸ்.எஸ். ஜக்கம்மாள்' என்று எழுதவைத்திருந்தார். எஸ்.எஸ். என்றால் நீராவிக் கப்பல் என்று ஹைஸ்கூல் வாத்தியார் ஒருவர் சொல்லிப் பார்த்தார். "அதெல்லாம் ஏழைபாழைக்கு" என்று பெரியகருப்பன் அவரை அனுப்பிவைத்தார். வள்ளிக்கு அது வேறு வகையில் வருத்தம். ஒருவழியாகப் போய்ச் சேர்ந்த மாமியார் மறுபடி வந்து முற்றத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டதாகவே அவளுக்குத் தோன்றியது.

வருத்தத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. மகள் தங்கப்பொண்ணுக்கு வந்த முதல் சம்பந்தம் முற்றத்தோடு திரும்பிப் போனது. இரண்டாவது, காபி குடித்துவிட்டுத் திரும்பிப் போனது. தண்ணீர் இல்லாத ஊரில் கப்பல் வாங்குகிற குடும்பத்தில் பெண் எடுத்தால் பிள்ளைகள் எப்படிப் பிறக்குமோ என்று அவர்கள் பயந்ததில் வள்ளியால் குற்றம் காண முடியவில்லை. மூன்றாவதாக ரெட்டியார்சத்திரத்து மலைச்சாமி, பூந்தோட்டமும் தென்னந்தோப்பும் உள்ளவர், மகனுக்குக் கேட்டு வந்தார். கப்பலைப் பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். "இது எப்ப சம்பந்தி போகும்?" என்று மட்டும் கேட்டார். "கல்யாணத்துக்கு முந்தியே போயிரும்ணே" என்று வள்ளி முந்திக்கொண்டு சொன்னாள்.

சொன்னதற்குக் காரணம் இருந்தது. கல்யாணம் பெண் வீட்டு முற்றத்தில்தான். பந்தலுக்கு முதலில் நடுகிற முகூர்த்தக்கால் ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில், நடப்பட வேண்டும். மலைச்சாமியின் மூத்த மகன் கல்யாணத்தில் யாரோ சோம்பேறித்தனமாக அந்தக் காலை ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டார்கள்; மருமகள் ஒரே மாதத்தில் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். இந்தத் தடவை மூலை என்றால் மூலைதான் என்று அவர் நின்றார். அந்த மூலை முழுவதையும் எஸ்.எஸ். ஜக்கம்மாள் அடைத்துக்கொண்டிருந்தாள். சுவருக்கும் கப்பலுக்கும் நடுவே பூனைகூட யோசித்துத்தான் போகும். நகர்த்தலாமென்றால் ஒரு பக்கம் கிணறு, இன்னொரு பக்கம் புகையிலை மூட்டை அடுக்குகிற கிட்டங்கி, அடியில் யானைக்கன்று கனத்துக்கு ஓர் இரும்புப் பாரம்.

வள்ளிதான் யார் யாரிடமோ சொல்லிவைத்து அருளப்பனை வரவழைத்தாள். புதிதாகக் கட்டிய அணையில் தண்ணீரின் நடுவே போய்ப் பார்ப்பதற்கு அவருக்கு ஒரு படகு தேவைப்பட்டது. உடைந்த பலகையிலிருந்து காலை உருவி, சிராய்ப்பில் எச்சில் தடவிக்கொண்டு அவர் சொன்னார்: "மத்ததெல்லாம் எங்க ஆளுங்க பாத்துக்குவாங்கய்யா. உள்ள பலகை மட்டும் உளுத்துப்போச்சு. அதை மாத்தி வைங்க. புதன்கெழமை தூக்குற லாரியோட வாரேன்."

முகூர்த்தக்கால் வெள்ளிக்கிழமை. அருளப்பன் தெரு தாண்டுமுன்பே வள்ளி மாரியம்மனுக்கு ஒரு எலுமிச்சை மாலை நேர்ந்துகொண்டாள்.

கருப்பணன் ஆசாரி வந்தான். வீட்டுக்குக் கதவு, நிலை, கட்டில் செய்து பெயர் வாங்கியவன். பழைய பலகைகளைக் கையாலேயே எடுத்து வெளியே போட்டவன் முகம் சுளித்தான்.

"என்ன மொதலாளி, தொரை வீட்டு ஆசாரி இம்புட்டு மட்டமா? பலகைக்கும் பலகைக்கும் நடுவுல வெரலு போகுது. ஒரு ஆணி இல்ல. எடுத்தா வருது."

"பின்ன எப்படிலே அவன் ராஜ்யம் நிக்கும்?" என்றார் பெரியகருப்பன்.

ஆசாரி உள்ளே அளவெடுத்தான். வெளியே வந்தபோது துக்கம் சொல்ல வந்தவன்போல் இருந்தான்.

"நீளம் ஏழடி, மொதலாளி."

மனையடி சாஸ்திரத்தில் ஏழடி தரித்திரம். இது பெரியகருப்பனுக்குத் தெரியும். தெரியாத விஷயம் எதுவும் அவரிடம் இல்லை. கூரை இருக்கிறது, கதவு இருக்கிறது, தரை இருக்கிறது. ஆகையால் அது வீடு, வீடென்றால் மனையடி உண்டு என்று அவர் தீர்ப்புச் சொன்னார்.

"தூக்கிக் குடுக்கப்போற சாமானுக்கு எதுக்குங்க மனையடி?" என்றாள் வள்ளி.

"எங்க அம்மா பேருல போற கப்பல்டி. அணைக்குள்ள தரித்திரம் மெதந்தா மதுரை ஜில்லாவுக்கே ஆகாது."

"அப்ப ஆறடியாக் கொறைச்சுக்கங்க. ஆறு நல்லதுதான?"

"கொறைக்கிறதா? எங்க வம்சத்துல யாரும் எதையும் கொறைச்சதில்ல. எட்டு. எட்டடி ராஜயோகம். போடுலே எட்டு."

போட்டான். எட்டுக்கு இடம் இல்லாததால் அறையின் முன் தடுப்பை அறுத்தான். அதற்கு முன்னால் படகு மூக்கைப்போல மேலே வளைந்து போகிறது. ஆகவே தரை முழுவதையும் ஒரு முழம் உயர்த்த வேண்டியதாயிற்று. பிறகு தேக்குப் பலகைகளை எறும்பு நுழையாதபடி நெருக்கி, ஆணியை நெருக்கமாக அறைந்து, வார்னிஷ் பூசி, காய்ந்ததும் மறுபடி பூசினான். தரை கண்ணாடியாக இருந்தது. குறை ஒன்றே ஒன்றுதான்: உள்ளே நிற்க முடியாது. உட்கார்ந்தால் தலை கூரையில் முட்டும். போக வேண்டுமானால் தவழ்ந்துதான் போக வேண்டும்.

"கர்ப்பக்கிரகத்துக்குள்ள நிமிந்தா போறோம்?" என்றார் பெரியகருப்பன்.

புதன்கிழமை அருளப்பன் லாரியோடு வந்தார். தவழ்ந்து உள்ளே போனார். தரையைத் தட்டிப் பார்த்தார், விரலால் தூக்கிப் பார்த்தார், தவழ்ந்தே பின்னோக்கி வெளியே வந்தார்.

"ஏன்யா, இது தெறக்காதா?"

"தெறக்குறதா? யானை மிதிச்சாலும் அசையாது."

"அடியில தண்ணி சேந்தா எப்படிய்யா எறைக்கிறது? அதுக்குத்தான பலகைய எடுத்து வைக்கிற மாதிரி போட்டிருந்தான்?"

"தண்ணி எதுக்கு உள்ள வருது?"

"படகு தண்ணியிலதானய்யா நிக்கும்."

"நாலு வருசமா இங்க நிக்குது. ஒரு சொட்டு வந்ததில்ல. எங்க கப்பலப் பத்தி எங்ககிட்டயே குத்தம் சொல்லாதீங்க தம்பி."

அருளப்பன் பெருமூச்சு விட்டார். பலகையெல்லாம் பெயர்த்துப் பழையபடி ஆக்கிவிட்டுத் தகவல் அனுப்பினால், லாரி கிடைக்கிறபோது வருவதாகச் சொன்னார். அது எப்போது கிடைக்கும் என்று வள்ளி கேட்டாள். அடுத்த மாசம் பார்க்கலாம் என்றார். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு, "இப்பவே பேத்துத் தாரேன், செத்த நேரம் நில்லுங்க" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் லாரி காலியாகவே கிளம்பிவிட்டது.

மறுநாள் மலைச்சாமி வந்தார். கப்பலைப் பார்த்தார். இந்தத் தடவை சுற்றவில்லை.

"கால் நட எடம் எங்க சம்பந்தி?"

பெரியகருப்பன் தொண்டையைச் செருமினார். "சாஸ்திரப்படி பாத்தா, மூலைங்கிறது ஒரு திசைதான். அத நாம விரிவா எடுத்துக்கிட்டா..."

"ஒரு தடவ விரிவா எடுத்துத்தான் என் மூத்த மருமக அவ ஆத்தா வீட்டுல இருக்கா. ஆவணிக்குத் தள்ளி வச்சுக்குவோம். அதுக்குள்ள கப்பல் போனாச் சொல்லிவிடுங்க."

ஆவணி என்பது மரியாதையான வார்த்தை. காபி குடித்துவிட்டுப் போனவர்களும் ஏறக்குறைய இதே குரலில்தான் சொல்லியிருந்தார்கள். கதவுக்குப் பின்னால் தங்கப்பொண்ணின் வளையல் சத்தம் நின்றுபோனதை வள்ளி கவனித்தாள்.

"ஏண்ணே, முகூர்த்தக்காலு வீட்டுக்குள்ள நடலாமா?" என்று கேட்டாள்.

மலைச்சாமி யோசித்தார். "மழைக் காலத்துல நடுறதுண்டு. மூலை சரியா இருக்கணும். காலு மண்ணத் தொடணும்."

"அப்ப நடுவோம். அந்தா நிக்கிறது வீடுதான். கூரை இருக்கு, கதவு இருக்கு, தரை இருக்கு. எட்டடி மனை பாத்துப் போட்டது. வேணும்னா ஒங்க சம்பந்தியவே கேளுங்க."

மலைச்சாமி பெரியகருப்பனைப் பார்த்தார். ஆணி பொறுக்க வந்திருந்த கருப்பணனும் பார்த்தான். பெரியகருப்பனுக்கு விஷயம் மெதுவாகத்தான் உறைத்தது. கால் மண்ணைத் தொட வேண்டுமானால் புதுத் தரையை ஓட்டை போட வேண்டும்; அதற்குக் கீழே கப்பலையும் ஓட்டை போட வேண்டும். இல்லை, இது வீடு அல்ல, கப்பல்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பிக்கலாம். ஆனால் வீடு இல்லையென்றால் மனையடி எதற்கு என்று ஆசாரி கேட்பான். ஊரும் கேட்கும்.

"எட்டடிதான்," என்றார், முதல்முறையாகத் தணிந்த குரலில்.

"எட்டா?" என்றார் மலைச்சாமி. "ராஜயோகமில்ல? அப்பறம் என்ன, நட்டுற வேண்டியதுதான்."

அன்று சாயங்காலம் கருப்பணன் இரும்புப் பாரத்துக்கு ஒரு முழம் தள்ளித் துளை போட்டான். தன் ஆணிகளே தன் உளியைக் கெடுத்ததில் அவனுக்குக் கண் கலங்கியது. தரை விட்டது, பிறகு கப்பலின் வயிறும் விட்டது. துளை வழியாக முற்றத்து மண் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஊர் கூடிவிட்டது. வீட்டுக்குப் பெரியவர் முதலில் போக வேண்டும் என்பது முறை. நகரசபைத் தலைவருக்கே பாதி வணக்கம் வைக்கிற பெரியகருப்பன், பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாக, தாம்பாளத்தை முன்னால் தள்ளிக்கொண்டு, சம்பந்தி வீட்டார் அத்தனை பேருக்கும் பின்பக்கத்தைக் காட்டியபடி தவழ்ந்து உள்ளே போனார். வார்னிஷ் தரையில் முட்டி வழுக்கி இரண்டு தரம் குப்புற விழுந்த சத்தம் வெளியே நன்றாகவே கேட்டது. பின்னாலேயே சுமங்கலிகள் ஒவ்வொருவராகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு தவழ்ந்தார்கள். மஞ்சள் பூசி மாவிலை கட்டிய பச்சை மூங்கிலை, காற்றுக்காகத் துரை வைத்திருந்த கூரைத் திறப்பின் வழியாக இறக்கினார்கள். அது புதுத் தரையைத் தாண்டி, கப்பலைத் தாண்டி, ஈசானிய மூலை மண்ணில் வெட்டியிருந்த குழியில் போய் நின்றது. நவதானியமும் பாலும் ஊற்றினார்கள். மேளம் முழங்கியது. குழி சரியான மூலையில்தான் இருக்கிறதா என்று மலைச்சாமி கப்பலுக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டு, "கல்யாணம் குறிச்ச தேதியிலதான்" என்றார்.

வள்ளி மாரியம்மன் கோயில் இருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

பெரியகருப்பன் வெளியே வந்து நிமிர்ந்தார். கூட்டம் முழுவதும் அண்ணாந்து கப்பலின் நடுவே நிற்கும் மூங்கிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவரும் பார்த்தார். கலைந்திருந்த அங்கவஸ்திரத்தை மெதுவாகச் சரி செய்துகொண்டார்.

"இந்த ஜில்லாவுல கப்பல்ல முகூர்த்தக்கால் நட்ட குடும்பம் ஒண்ணு காட்டுங்க பாப்போம்," என்றார். யாராலும் காட்ட முடியவில்லை. அடுத்த நிமிஷத்தில் இந்த யோசனை தனக்கு எப்படி வந்தது என்று மலைச்சாமிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

கருப்பணன் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டான். "கல்யாணம் முடிஞ்சதும் அந்த ஓட்டைய அடைச்சுறவா, மொதலாளி?"

"அடைக்கிறதா? கூறுகெட்டவனே, உள்ள வந்த தண்ணிய எப்படி வெளியேத்துறதுன்னுதான அந்த ஓவர்சியர் கேட்டான்? அவனுக்கு ஆள் அனுப்பு. தண்ணி போக வழி பண்ணியாச்சு, வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு."

பந்தலுக்குத் தென்னங்கீற்று வண்டியில் வந்து தெருவில் நின்றுகொண்டிருந்தது. வள்ளி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறக்கி வாங்கப் போனாள்.