நடுவில் ஒரு வட்டம்

ஆஸ்பத்திரி நடைபாதையில் தம்பி கைபேசியை வாயருகே வைத்துக்கொண்டு, ஊரிலிருக்கும் அம்மாவுக்கு வாயால் சொல்லிச் சொல்லியே எழுதிக்கொண்டிருந்தான். "டாக்டரம்மா நல்லாப் பேசினாங்கம்மா. அக்காவுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். மார்புல தோல அப்படியே வச்சுட்டு உள்ள இருக்கறத மட்டும் எடுத்துட்டு, வேற வச்சு நிரப்பிடுவாங்களாம். பயப்பட ஒண்ணுமில்ல." அந்தக் கடைசி வரியை அவன் மூன்று தடவை சொன்னதால் மூன்று தடவையும் எழுத்தாகி நின்றது.

பக்கத்து இருக்கையில் அக்கா, டாக்டரம்மா படம் வரைந்து காட்டிய தாளை விரித்தாள். சலவை ஆலையில் படுக்கை விரிப்பு மடிக்கிறவள்; இந்த ஊர் மொழி அவளுக்கு வணக்கத்தைத் தாண்டி வராது.

"ஏன்டா, நடுவுல ஒரு வட்டம் போட்டாங்களே. நீ என்னமோ சொன்னதும் அதக் கோடு போட்டு அடிச்சுட்டாங்க. என்ன சொன்ன?"

உள்ளே இரண்டு பேருக்கும் நடுவே மொழிபெயர்த்தவன் அவன்தான். கட்டி சின்னது, தள்ளி இருக்கிறது, விரும்பினால் முலைக்காம்பையும் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் டாக்டரம்மா சொன்னார். ஆபரேஷனின்போது அதன் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதிப்பார்கள். அங்கே நோய் இருந்தால் எடுத்துத்தான் ஆகவேண்டும். இவளுக்கு இருப்பது போன்ற கட்டிக்கு, வைத்துக்கொள்வதால் நோய் திரும்புகிற ஆபத்து பெரிதாக அதிகரிக்காது. தொடு உணர்ச்சி அநேகமாகப் போய்விடும். சிலருக்கு ரத்தம் ஓடாமல் கருகியும் போகும். கேட்டுச் சொல்லுங்கள் என்றார். கூடப் பிறந்தவளிடம் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? தனியாக இருக்கிறவளுக்கு எதற்கு என்றும் தோன்றியது. அவள் முகத்தைப் பார்க்காமலே "வேண்டாமாம்" என்றுவிட்டான்.

இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் முனகினான்.

"இதுக்கா இந்த முழுங்கு முழுங்கின? உன்னைக் குளிப்பாட்டி வளத்தவடா நான். வெக்கப்படணும்னா நான்ல படணும்." அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. "எனக்குன்னு ஒருத்தன் இல்ல, அதனால வேணாம்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

"இல்லக்கா, ஆபத்து எதுக்குன்னு..."

"புளுகாத. அது பெருசா ஏறாதுன்னு இப்பதான் சொன்ன. குளிச்சுட்டுக் கண்ணாடி முன்னால நிக்கறது நானா, நீயா?"

அவள் எழுந்துபோய் டாக்டரம்மாவின் அறைக் கதவைத் தட்டினாள். வழக்கம்போல முந்திக்கொண்டு வாயெடுத்தவனைச் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"வேணும்னோ வேணாம்னோ நான் இன்னும் சொல்லல. கருகிப் போகும்னாங்களே, அது யார் யாருக்கு ஆகும்? கேளு. ஒரு வார்த்த விடக்கூடாது."

காது மடல் சிவக்க, அந்த வார்த்தையையும் சேர்த்தே கேட்டான். டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பவில்லை. நாற்காலியை இழுத்து அக்காவுக்கு நேர் எதிரே போட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.