முதல் படிவத்தின் செருப்புச் சத்தம்

அக்காவின் கணவர் இறந்து ஆறு வருடமான பிறகு அவருடைய செருப்புச் சத்தம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறு பத்துக்கு மாடிப்படி ஏறி வந்து கதவருகே நின்றது. செருப்பும் வரவில்லை, காலும் வரவில்லை, சத்தம் மட்டும். இடது செருப்பின் வார் அறுந்து தைத்தது என்பதால் ஓரடி சப்பென்றும் மறு அடி டப்பென்றும் கேட்கும். அதுகூட மாறவில்லை. அக்கா அடுப்பை அணைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள், ஒரு நிமிடம் நின்றாள், சாத்திவிட்டு வந்தாள். மறுநாளும் வந்தது. அக்கம்பக்கத்தார் ஒரு வாரம் வாய் ஓயாமல் பேசினார்கள். அப்புறம் அதைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளத் தொடங்கினார்கள்.

எல்லாம் தங்கைக்காரியின் வேலை. முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு 'வீடுகளில் தொலைந்தவை'. வேறு தலைப்பே கிடைக்கவில்லையா என்று கேட்காத ஆள் இல்லை. திட்டம் எழுத எட்டு மாதம், இருபத்திரண்டு கேள்விகளை இழைத்து எடுக்க நாலு மாதம். கேள்விகள் புரிகின்றனவா என்று முன்னோட்டமாக யாரிடமாவது கேட்டுப் பார்க்க வேண்டுமே, கைக்கெட்டும் தூரத்தில் அக்கா இருந்தாள். தொலைந்ததில் எது திரும்பக் கிடைத்தால் போதும் என்பது கடைசிக் கேள்வி. அக்கா யோசிக்கவேயில்லை. 'அவர் ஆபீஸ் விட்டு வர்ற சத்தம்' என்று படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டாள். தங்கை அதைக் கணினி அட்டவணையில் முதல் வரியாக ஏற்றினாள். அங்கே ஏறியதெல்லாம் திரும்பி வரும் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

அடுத்த மூன்று வருடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளின் படியேறினாள். தையல்காரருக்குக் கத்தரிக்கோல் வந்தது. பேருந்து நடத்துநருக்கு விசில் வந்தது. பல் டாக்டருக்கு இளவயதுக் கோபம் திரும்பியது, அதில் அவர் மனைவிக்குத்தான் துளியும் சந்தோஷமில்லை.

வழிகாட்டிப் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் அடிக்குறிப்பு. காலை வணக்கத்துக்கே ஆதாரம் கேட்கக்கூடிய மனிதர். அட்டவணையைப் பார்த்தவர் முதல் வரியில் விரலை வைத்தார்.

"இது முன்னோட்டத்துல கேட்டதுதானேம்மா? முன்னோட்டத்தை ஆய்வுல கலக்கக் கூடாது. எடுத்துடுங்க. இல்லேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"சார், அதை எடுத்தா எங்க மாமா..."

"தெரியும்மா. கேள்விப்பட்டேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா விதி விதிதான்."

தங்கை பதினோரு நாள் அந்த வரியைத் தொடவில்லை. பட்டமே வேண்டாம் என்றுகூட முடிவெடுத்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் அக்கா கரண்டியோடு வந்து நின்றாள்.

"லூசாடி நீ? நாலு வருஷம் நாயா அலைஞ்சிருக்க. எடுத்துத் தொலை."

"உனக்கு?"

"ஆறு வருஷம் சத்தமில்லாம இருந்தவதானே நான்?"

தங்கை அழித்தாள். மறுநாள் ஆறு பத்துக்குப் படியில் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா எழுந்து போய்க் கதவைத் திறந்தாள், பழக்கதோஷம். அன்று அவள் கதவைச் சாத்த வெகுநேரம் ஆனது.

ஆய்வேடு பைண்டிங்குக்குப் போகும் நாள். இருநூற்று எண்பது பக்கத்திலும் அடிக்குறிப்புப் பேராசிரியரின் சிவப்பு மை ஓடியிருந்தது, ஒரே ஒரு பக்கத்தைத் தவிர. நன்றியுரையை எந்த வழிகாட்டியும் திருத்துவதில்லை. அதற்கு ஆதாரம் கேட்பதில்லை. தங்கை பைண்டிங் கடைக் கணினியிலேயே உட்கார்ந்து கடைசியாக ஒரு வரி சேர்த்தாள்: 'தினமும் மாலை 6.40க்குப் படியேறி வரும் என் மாமாவுக்கு.' கண் கலங்கியதில் ஆறு பத்து ஆறு நாற்பதாகிவிட்டதை அவள் கவனிக்கவில்லை. ஐந்து பிரதியும் கறுப்பு அட்டை போட்டு, பொன்னெழுத்து பதித்து, நூலகத்துக்குப் போய்விட்டன. இனி யாராலும் மாற்ற முடியாது.

வாய்மொழித் தேர்வு நல்லபடியாக முடிந்து, நன்றியுரை உட்பட ஆய்வேடு முழுதும் ஏற்கப்பட்டது. அன்று ஆறு பத்துக்கு அக்கா கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அரை மணி நேரம் போயிற்று. கீழ்ப்படியில் சப்பென்று ஒன்று, அதன்மேல் டப்பென்று ஒன்று. தங்கை பேனாவைக் கீழே வைத்தாள். அக்கா முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.

"ஏன் இவ்ளோ லேட்டு?" என்று கேட்டாள். பிறகு உள்ளே வந்து, ஆறிப்போன டீயை மறுபடி அடுப்பில் வைத்தாள். தெருவில் அந்தச் சத்தத்தை வைத்துக் கடிகாரம் சரிசெய்கிறவர்கள்தான் கொஞ்ச நாள் தடுமாறினார்கள்.