வெளியே எடுத்துச் செல்லக் கூடாதவர்

நம்மூர் நகர நூலகத்தில் 48,216ஆம் எண்ணாகப் பதிவாகியிருக்கும் பொருளுக்கு இரண்டு கை, இரண்டு கால், ஒரு மூக்குக்கண்ணாடி, கொஞ்சம் சர்க்கரை நோய் எல்லாம் உண்டு. பெயர் குமாரதாஸ். பதிவாகிற நொடி வரைக்கும் அவர் அந்த நூலகத்தின் நூலகர். பதிவான பிறகும் பதினைந்து மாதம் அவரே நூலகராக இருந்தார். ஒரே ஆள் இரண்டுமாக இருக்கக் கூடாது என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை.

அது 2023 மார்ச் 31, வெள்ளிக்கிழமை. நூலகத்துக்கு வார விடுமுறை. ஆனால் அந்த வருஷத்துப் புத்தகக் கட்டுகள் முந்தின நாள்தான் லாரியில் வந்து இறங்கியிருந்தன, நிதியாண்டு முடிவதற்குள் எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும். குமாரதாசும் உதவியாளர் ஓமனாவும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஓமனா ஒவ்வொரு புத்தகத்திலும் வட்ட முத்திரையை மூன்று இடத்தில் குத்துவாள்: முதல் பக்கம், கடைசிப் பக்கம், அப்புறம் ரகசியப் பக்கம். எல்லா நூலகத்துக்கும் ஒரு ரகசியப் பக்கம் உண்டு. திருடுகிறவன் முன்னும் பின்னும் கிழித்தெறிந்தாலும் நடுவில் ஒன்று கிடந்து காட்டிக்கொடுக்கும். நம்மூரில் அது முப்பத்தேழாம் பக்கம், வெளியே சொல்ல வேண்டாம். குத்தின புத்தகத்தைக் குமாரதாஸ் கை நீட்டி வாங்கி, பதிவேட்டில் வரிசை எண் போட்டு, பெயர், ஆசிரியர், ஆண்டு, பிரிவு எழுதுவார். இருநூறைத் தாண்டினபோது இரண்டு பேருக்கும் கை மட்டும்தான் விழித்திருந்தது. அப்போது ஒரு கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள் வந்தன. முதல் தொகுதிக்கு நேரே, பிரிவு என்ற கட்டத்தில், ‘குறிப்புதவி, வெளியே எடுத்துச் செல்லக் கூடாது’ என்று எழுதிவிட்டு, மற்ற ஒன்பதுக்கும் ‘மேற்படி’, ‘மேற்படி’ என்று இறக்கிக்கொண்டே வந்தார். பத்தாவது முடிந்ததும் அடுத்ததற்காகக் கையை நீட்டினார். ஓமனா கொட்டாவி விட்டுக்கொண்டே அந்த உள்ளங்கையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். முத்திரை விழுந்ததைப் பார்த்த குமாரதாஸ் வழக்கம்போல எழுதினார். எண் 48,216. பெயர்: குமாரதாஸ். ஆசிரியர்: ஞானம், அது அவருடைய அப்பா. ஆண்டு: 1964. பிரிவு: மேற்படி.

எழுதி மை உலர்ந்த பிறகுதான் என்ன எழுதினோம் என்று தெரிந்தது. ஓமனா சிரித்துச் சிரித்து இருமினாள். “சாரே, குறுக்க ஒரு கோடு போட்டுப் பக்கத்துல கையெழுத்து வைங்க. தீந்துது காரியம்” என்றாள். தீர்ந்திருக்கும். ஆனால் குமாரதாசுக்கு அது முப்பத்தோராவது வருஷ வேலை. அவர் கைப்பட்ட பதிவேடு எதிலும் ஒரு அடித்தல் கிடையாது, ஒரு திருத்தல் கிடையாது. பேச்சிப்பாறைக்குப் போய் அணையைப் பார்த்து வருவதுபோல, மற்ற ஊர் நூலகர்கள் வந்து அந்தப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் போவார்கள். “பொறு, யோசிப்போம்” என்று மூடி வைத்தார். சாயங்காலம் வீட்டுக்குப் புறப்பட்டபோது அவருடைய வலது கால் வாசற்படியைத் தாண்டவில்லை. வலி ஒன்றும் இல்லை, காற்று அந்த இடத்தில் சுவராக இருந்தது, அவ்வளவுதான். இடது காலை வைத்துப் பார்த்தார். முதுகைக் காட்டிப் பின்னால் நடந்து பார்த்தார். இரண்டு ஆட்டோக்காரர்கள் வெளியே நின்று கையைப் பிடித்து இழுத்ததில் கட்டடத்தின் முகப்பில் ஒரு முழம் நீளத்துக்கு விரிசல் விட்டது. பொதுச்சொத்து என்று பயந்து விட்டுவிட்டார்கள். கால் கழுவும்போது உள்ளங்காலில் கடைசிப் பக்கத்து முத்திரை தானாகவே விழுந்திருப்பதைப் பார்த்தார். ரகசியப் பக்கத்து முத்திரை எங்கே விழுந்திருந்தது என்பது அவர் மனைவி நேசம்மாளுக்குத் தெரியும். நாம் கேட்கவில்லை.

நேசம்மாள் மறுநாள் காலை இட்லிப் பாத்திரத்தோடும் தன்னுடைய உறுப்பினர் அட்டையோடும் வந்து நின்றாள்.

“ஏட்டி ஓமனா, எனக்கக் கார்டுல இவர எழுது. பதினஞ்சு நாளைக்குக் கொண்டு போறேன். பின்ன வந்து புதுப்பிச்சிட்டாப் போச்சு.”

ஓமனா பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தாள். “குறிப்புதவியாக்கும் அக்கா. வெளிய கொடுக்கப்பிடாது.”

“எனக்க மாப்பிளைய எனக்குத் தரப்பிடாதா?”

“கலெக்டரே வந்து கேட்டாலும் கொடுக்காதேன்னு எனக்குச் சொல்லித் தந்தது ஆரு? உங்க மாப்பிளைதானே.”

குமாரதாஸ் தலையை ஆட்டினார். ஓமனா சொன்னது சரி. தான் பழக்கின ஆள் இப்படி நிற்கிறாளே என்று அந்த நேரத்திலும் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை வந்தது. நேசம்மாளுக்கு அது முகத்தில் தெரிந்துவிட்டது.

“சந்தோசமா இருக்கோ? மே இருவத்தஞ்சு மோளுக்குக் கல்யாணம், ஓர்ம உண்டா? வேதக்கோயிலுக்குள்ள அவளக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது ஆரு? அந்தப் பத்துத் தடிப் புத்தகமா? ஒரு கோடு, ஒரே ஒரு கோடு போடப்பிடாதா?”

“ஆடிட் வரட்டும். அதுக்கு முன்ன எப்பிடியும் போட்டுருவேன்” என்றார் குமாரதாஸ்.

ஏப்ரல் முழுக்கக் கலைக்களஞ்சியத்தின் பத்தாம் தொகுதிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் அவர் இருந்தார். புதன்கிழமை தோறும் ஓமனா அலமாரிகளைத் தூசி தட்டி வருகிற வரிசையில் அவரையும் தட்டினாள், சட்டைப்பையில் இரண்டு பாச்சா உருண்டை போட்டாள். குறிப்புதவி நூலுக்கு உள்ள குணம் அவருக்கும் மெல்ல வந்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் எதைக் கேட்டாலும் சொன்னார், சொல்லி முடித்ததும் ‘மேலும் காண்க’ என்று வேறு இரண்டு விஷயங்களையும் சேர்த்துச் சொன்னார். குளச்சலில் இருந்து ஒருவர் வந்து ஒரு பழைய புயல் கரையேறின தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். தேங்காய்ப்பட்டணத்துப் பெண் ஒருத்தி துபாயில் இப்போது மணி என்ன என்று கேட்டாள், சொன்னார். அவர் முழங்கையில் யாரோ பென்சிலால் அடிக்கோடு போட்டு ‘முக்கியம்’ என்று எழுதி வைத்தார்கள். ஆனால் ஒன்றை அவர் கவனித்தார். வருகிறவர்கள் வேண்டிய வரியை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். அந்த அலமாரியில் இருக்கிறதை முதலில் இருந்து கடைசி வரைக்கும் யாரும் படிப்பதில்லை. இத்தனை வருஷம் அவரும் படித்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில் வெளியே பூட்டுத் தொங்கும். ஜன்னல் கம்பி வரைக்கும் கை போகும், கம்பியைத் தாண்டாது. மீன்காரியின் சத்தம் தெருமுனையில் கேட்டு, நெருங்கி, ஜன்னலைத் தாண்டிப் போகும். அவர் அதை முழுக்கக் கேட்டுவிட்டு அடுத்த சத்தத்துக்காகக் காத்திருப்பார்.

தணிக்கை மே 18 என்று கடிதம் வந்தது. பதினேழாம் தேதி மத்தியானம் குமாரதாஸ் பதிவேட்டை விரித்தார், ஓரடி ஸ்கேலை வரியின் மேல் வைத்தார், சிவப்பு மைப் பேனாவைத் திறந்தார். நேசம்மாள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கேலுக்கு மேலே முப்பத்தோரு வருஷம், ஒரு பிசிறு இல்லாமல், நாஞ்சில் நாட்டு வயலில் கயிறு பிடித்து நட்ட நாற்று மாதிரி வரிசையாக நின்றது. பேனா முனை தாளைத் தொட ஒரு நூல் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் மணி மூன்றானது, நான்கானது. மை உலர்ந்துபோயிற்று. நேசம்மாள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் வந்த தணிக்கையாளர், ‘அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை, பாராட்டத்தக்கது’ என்று பக்கத்தின் அடியில் எழுதிப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். தணிக்கை முடிந்த வரியில் மேலிடத்து உத்தரவு இல்லாமல் யாரும் கை வைக்க முடியாது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வழி கண்டுபிடித்தவள் ஓமனாதான். “சாரே, ரெபரன்ஸ் புக்க வெளிய கொடுக்கத்தான் பிடாது. ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாமில்லியா?” கொடுக்கலாம், வாசகர் சேவைகளில் அதுவும் ஒன்று. குமாரதாசை மெஷின் கண்ணாடியின் மேல் பகுதி பகுதியாகப் படுக்க வைத்து, முன்னும் பின்னுமாக இருபத்திரண்டு தாள் எடுத்தார்கள். இருபத்திரண்டாவது தாளோடு மெஷின் புகைந்து நின்றது, அதனால் இடது குதிகால் மட்டும் விழவில்லை. ஒட்டி முடித்து, ‘உண்மை நகல்’ என்று ஓமனா கையெழுத்துப் போட்டதும் நகல் எழுந்து நின்று, லேசாக நொண்டிக்கொண்டு நேசம்மாளின் பின்னால் வீட்டுக்குப் போயிற்று.

சாம்பல் நிறத்தில் இருந்ததைத் தவிரக் கோயிலில் நகல் எந்தக் குறையும் வைக்கவில்லை. காற்றாடி போட்டால் பறந்தது என்பதால் போதகர் எல்லாக் காற்றாடியையும் நிறுத்தச் சொன்னார். மே மாத வெக்கையில் முந்நூறு பேர் வியர்த்து ஒழுக, நகல் மகள் ஆன்ஸ்லினின் கையைப் பிடித்து நொண்டி நொண்டிப் பீடம் வரைக்கும் கொண்டுபோய் விட்டது. விருந்து முடிந்ததும் ஆன்ஸ்லின் வெள்ளைப் பட்டுச் சேலையோடு, மாப்பிள்ளை அபினேஷையும் கூட்டிக்கொண்டு நேரே நூலகத்துக்கு வந்தாள். வருகைப் பதிவேட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். குமாரதாஸ் எழுந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல், ‘திருமணம்’ என்பதற்கு மேலும் எதைக் காண்க என்று இரண்டு சொன்னார்.

“அந்தக் கை சூடா இருந்துது அப்பா” என்றாள் ஆன்ஸ்லின். “ஒங்க கை மாதிரிதான் இருந்துது. ஆனா எனக்க கைய அது திருப்பி அமுக்கவே இல்ல.” பிறகு பதிவேடு இருந்த அலமாரியைப் பார்த்தாள். “ஒரு கோடுதானே அப்பா. எனக்காகப் போடப்பிடாதா?”

அவள் போனதும் குமாரதாஸ் மேலிடத்துக்கு முதல் விண்ணப்பத்தை எழுதினார். தன் வரியை அடிக்க அனுமதி வேண்டும். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: ‘மேற்படி நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு ஆகியவை சரிபார்க்கப்பட்டன. சரியாக இருப்பதால் திருத்தம் தேவையில்லை.’ இரண்டாவது எழுதினார், மூன்றாவது எழுதினார். வெளியே ஓணம் வந்து போயிற்று. நகல் வெயிலில் ரேஷன் கடைக்கும் கோயிலுக்கும் போய்வந்ததில் முகம் மங்கிக்கொண்டே வந்தது. ஐப்பசியில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் நேசம்மாள் குடையை விரிப்பதற்குள் மழை முந்திக்கொண்டது. அவள் வாரிக்கொண்டுபோய்க் கொடியில் காயப்போட்டதில் ஒரு காதும் வலது கையும்தான் மிஞ்சின. இன்னொரு நகல் எடுக்கலாம் என்றால் மெஷினைப் பழுதுபார்க்கும் கோப்பு இன்னும் மேலிடத்தில்தான் இருக்கிறது. நேசம்மாள் அந்தக் காதைப் பைபிளுக்குள் வைத்தாள். அப்புறம் நூலகத்துக்கு வந்தாலும் சோற்றை மேசையில் வைத்துவிட்டு உடனே போய்விடுவாள். பேசுவதில்லை.

பதினோராவது விண்ணப்பத்துக்கு உத்தரவு கிடைத்தது. ‘பதிவு செய்த நூலகரே அவ்வரியை அடித்துச் சுருக்கொப்பமிடலாம்.’ அது வந்து சேர்ந்த நாள் 2024 ஜூன் 29, சனிக்கிழமை. மறுநாள் குமாரதாசுக்குப் பணி ஓய்வு. பொறுப்பை வாங்க ஜாஸ்பர் என்று ஒரு புது நூலகர் ஒரு மாதமாக வந்து, ஒவ்வொரு புத்தகமாகப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 48,216 என்று ஜாஸ்பர் கூப்பிட்டபோது குமாரதாஸ் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். ஜாஸ்பர் ‘உள்ளது’ என்று டிக் போட்டார்.

“இன்னைக்கே கோட்டப் போட்டிருங்க சாரே” என்று ஓமனா உத்தரவை நீட்டினாள். போட்டிருக்கலாம். ஆனால் குமாரதாசுக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. பதிவேட்டைக் கைமாற்றும் நேரத்தில் அது சுத்தமாக இருக்க வேண்டும். புது ஆள் கையெழுத்துப் போட்டு வாங்கட்டும், ‘இப்படி ஒரு பதிவேட்டைப் பார்த்ததில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த நிமிஷம் கோடு போட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஜாஸ்பர் அந்த வார்த்தையையும் சொன்னார். வாசலுக்கு வெளியே நேசம்மாள், ஆன்ஸ்லின், அபினேஷ் மூவரும் ஒரு ஆட்டோவை நிறுத்தி வைத்துக் காத்திருந்தார்கள். குமாரதாஸ் ஸ்கேலை வைத்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். இந்தத் தடவை பேனா இடையில் நிற்காமல் இறங்கியது. முனை தாளில் படப்போகும்போது ஓமனா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“சாரே, மணி அஞ்சு அம்பது. பொறுப்பக் கொடுத்தாச்சு, நீங்க இப்ப நூலகரில்ல.” அவளுக்கு அழுகை வந்தது, ஆனாலும் பிடியை விடவில்லை. “புத்தகம் பதிவேட்டுல எழுதப்பிடாது.”

குமாரதாஸ் யோசித்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. ஜாஸ்பரைப் பார்த்து, “நீரு போடுவீரா வேய்?” என்று கேட்டார். உத்தரவில் பதிவு செய்தவரே அடிக்க வேண்டும் என்று இருக்கிறதை ஜாஸ்பர் விரல் வைத்துக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அதுவுமில்லாம, நான் பொறுப்பெடுத்து அஞ்சு நிமிசந்தான் ஆவுது. அதுக்குள்ள எனக்கப் பேர்ல ஒரு அடித்தலா சாரே?” என்றார். குமாரதாசால் அவரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அந்த ஆட்டோ வந்த மாதிரியே போயிற்று.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நூலகம் திறந்தபோது வாசலில் முதல் ஆளாக நேசம்மாள் நின்றாள். வருகைப் பதிவேட்டில் பெயரும் நேரமும் எழுதினாள். குறிப்புதவிப் பிரிவுக்கு வந்து, குமாரதாசைக் கையைப் பிடித்து மேசைக்குக் கூட்டிவந்து, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெளியே எடுத்துச் செல்லக் கூடாதே தவிர, உள்ளே வைத்துப் படிப்பதற்கு எந்தத் தடையும் கிடையாது.

“பொறந்ததுலேருந்து சொல்லுங்க” என்றாள். “நான் ஒங்களக் கெட்டுனது ஒங்களுக்க இருவத்தெட்டாவது வயசுல. அதுக்கு முந்தி உள்ளது எனக்குத் தெரியாது.”

அவர் ‘மேலும் காண்க’ எதுவும் சேர்க்காமல் சொல்லத் தொடங்கினார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும் அவள் வருகிறாள். இப்போது அவருடைய பதினாலாவது வயதில் இருக்கிறார்கள். அவள் அவசரப்படுவதில்லை, சில இடங்களை இரண்டு தடவை கேட்கிறாள், பொய் என்று தோன்றும் இடத்தில் காதைத் திருகுகிறாள். இரவு எட்டு மணிக்கு ஓமனா மணியடிப்பாள். முதல் நாள் நேசம்மாள் அவர் கையைப் பிடித்து அலமாரிப் பக்கத்து நாற்காலி வரைக்கும் கொண்டுபோய் விடப் பார்த்தாள். சுவரில் உள்ள பலகையை ஓமனா காட்டினாள். வாசகர்கள் தாங்கள் எடுத்ததைத் திரும்ப அடுக்கக் கூடாது, மேசையிலேயே விட்டுச் செல்ல வேண்டும். நேசம்மாள் அவரை மேசையிலேயே விட்டுவிட்டு, நிறுத்தின இடம் மறக்காமல் இருக்க அவர் சட்டைப்பையில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகிவிட்டுப் போகிறாள்.