ஏரியில் அவள் பார்த்தாளாம்

1

இந்தக் கதை எனக்கு முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு கிடைத்தது. சலூன் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். சலூன்காரர் என் தாடையைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டுச் சொன்னார்: "நம்ம வீட்டுக்காரி இருக்காளே, ஏரியில பெரிய பாம்பு ஒண்ணப் பாத்தாளாம். படகு நீளம் இருக்குமாம். முதுகுல மேடு மேடா இருந்துச்சாம்."

பக்கத்து நாற்காலிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள்; கழுத்தில் கத்தி இருந்தது.

கத்தி விலகியதும் கண்ணாடியில் பார்த்தேன். வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர். அத்தனையையும் கேட்டிருக்கிறார். சாவியைச் சீப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வாடியிருந்த அந்த முகத்தை எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "ஏரி கண்ணாடியைப் போல அசையாமல் கிடந்த ஒரு காலையில்—"

(வேண்டாம். கதையில் வரும் ஏரியெல்லாம் கண்ணாடிதான். பாவம், அதற்கும் அலுத்திருக்கும்.)

இரண்டாவது: "அது தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கியபோது அவள்—"

(இதுவும் வேண்டாம். 'தூக்கியபோது' என்று எழுதினால் நானே சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டேன் என்று அர்த்தம்.)

மூன்றாவது: அவள் தண்ணீர் எடுப்பவள்.

இதில் பொய் இல்லை. இப்படியே போவோம். (கதைக்குள் நுழைந்ததும் 'அவர்' 'அவள்' ஆகிவிட்டார். நேரில் பார்த்தால் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவேன். ஊரே அவரைப் பாட்டில் அக்கா என்கிறது.)

குடிநீர் ஆய்வகத்துக்காக ஏரியின் வெவ்வேறு ஆழங்களிலிருந்து தண்ணீர் எடுத்துவருவது அவள் வேலை. மேல்தண்ணீரை யாரும் மொண்டுவிடலாம். ஆழத்துத் தண்ணீரை மட்டும், மேல்தண்ணீர் ஒரு சொட்டும் கலக்காமல் எப்படி எடுப்பது? அதற்கென்று ஒரு பாட்டில் இருக்கிறது. இரண்டு முனையும் திறந்த குழாய். கயிற்றில் கட்டி இறக்கினால் தண்ணீர் உள்ளே புகுந்து வெளியே போய்க்கொண்டே இருக்கும். வேண்டிய ஆழம் வந்ததும் கயிறு வழியாக ஒரு குண்டை நழுவவிடுவாள். அது போய் முட்டியதும் இரண்டு மூடியும் பட்டென்று சாத்திக்கொள்ளும். ஏரியின் அடிவயிறு கையோடு மேலே வந்துவிடும்.

(இந்தப் பாட்டிலைப் பற்றி இன்னும் இரண்டு பக்கம் எழுதி, மனசே இல்லாமல் வெட்டினேன்.)

3

ஏரிப் பாம்பு எப்படி உண்டாகிறது என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

பெரிய, ஆழமான ஏரிகள் இருக்கும் பல தேசங்களில் யாராவது ஒருவர் அதைப் பார்த்ததாகச் செய்தி வந்திருக்கிறது. ஒரு மோட்டார் படகு போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவைத் தாண்டி மறைந்தும்விட்டது. அது கிளப்பிய அலைகள் மட்டும் ஆற அமர வந்துகொண்டிருக்கின்றன. கரையில் முட்டித் திரும்பும் அலைகள் அவற்றைச் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் மேடு மேடாக எழும்பும். படகைக் காணோம், மேடுகள் மட்டும் வரிசையாகத் தெரிகின்றன. பாம்பு தயார்.

இன்னொரு வழி: அடியில் அழுகும் மரக்கட்டைக்குள் வாயு சேர்ந்தால் கட்டை மேலே எழும். வாயு வெளியேறியதும் மறுபடி முழுகிவிடும். குளிர்ந்த தண்ணீர்மேல் வெதுவெதுப்பான காற்று நின்றால் ஒளி வளைந்து, சாதாரண நீர்க்காகத்தைக்கூடக் கழுத்து நீண்ட ராட்சசனாகக் காட்டும்.

எழுதி முடித்ததும் எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது. அப்புறம்தான் உறைத்தது. தினமும் ஏரிமேல் இருப்பவளுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரிந்தும்தானே பார்த்தேன் என்கிறாள்?

4

(இந்தப் பகுதி கற்பனை. அவர்கள் வீட்டுக்குள் நான் போனதில்லை. சுவருக்குக் காதுதான் உண்டு. வாயை எழுத்தாளன் வைத்திருக்கிறான்.)

சலூனில் போட்ட துண்டுகளைத் துவைத்து, காயவைத்து, இருவரும் எதிரெதிரே நின்று மடிக்கிறார்கள். ஒரு முனை அவள் கையில், மறுமுனை அவர் கையில்.

"ஏங்க, படகுலேர்ந்து வந்ததும் உங்ககிட்ட என்ன சொன்னேன்?"

"பாம்பப் பாத்தேன்னு சொன்ன."

"பாத்தேன்னுதானே சொன்னேன்? கடையில அது ஏன் 'பாத்தாளாம்'னு ஆகுது?"

"அட, ஒரு 'ஆம்'ல என்னடி இருக்கு?"

"அதுல நீங்க இல்ல."

(இங்கே கதையை நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். 'ஆம்' என்பது தனியாக நின்றால் சம்மதம். அதையே வினைச்சொல்லின் வாலில் ஒட்டினால் கைகழுவல்: வந்தாராம், சொன்னாராம், எனக்கென்ன தெரியும். தலையாக இருக்கும்போது ஒன்று, வாலாக இருக்கும்போது வேறொன்று. ஏரிப் பாம்பைவிட விசித்திரமான பிராணி இது.)

அவர் துண்டை உதறினார். "நேராச் சொன்னா எவனாவது வம்புக்கு வருவான். வம்பு பேசுனா தாடை ஆடும். தாடை ஆடுனா கத்தி இழுத்துடும். ஒரு 'ஆம்' போட்டா சிரிச்சிட்டு விட்டுடுறான். உன்னக் காப்பாத்தத்தான் போடுறேன்."

"என்னையா, அவன் தாடையையா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, அது வெறும் அலையா இருக்கக் கூடாதா? கட்டையா இருக்கக் கூடாதா?"

"இருக்கலாம். அலைன்னு நெனச்சேன், படகு ஒண்ணும் போகல. கட்டைன்னு நெனச்சேன், காத்துக்கு எதிர்ப்பக்கமாத் திரும்புச்சு. அப்புறம் நெனைக்கிறத விட்டுட்டு, சும்மா பாத்தேன். கையில கயிறு வேற. பாட்டில மேல இழுத்து, பேர்ச் சீட்டு ஒட்டிட்டு நிமிந்தா, போயிடுச்சு."

"எமனே வந்தாலும் சீட்டு ஒட்டிட்டுத்தான் கெளம்புவ."

"பேச்ச மாத்தாதீங்க. பாம்பு இருக்குன்னு நீங்க யார்கிட்டயும் சத்தியம் பண்ண வேணாம். நான் பாத்தேன்னு சொல்லுங்க. ஊரு சிரிச்சா சிரிக்கட்டும். நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்கன்னுதான் எனக்குத் தெரியணும்."

துண்டு நான்காக மடிந்து இருவர் கையும் ஒட்டி நின்றது. அவர் பதில்—

(சொன்னாரா? எழுதத் தெரியவில்லை.)

5

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அவரும் படகில் ஏறிப் போகிறார். பாம்பு அவருக்கும் தெரிகிறது. (கூடாது. கண்ணால் பார்த்துவிட்டு நம்ப ஒரு புருஷன் எதற்கு? எதிர்வீட்டுக்காரர் போதும்.)

ஆய்வகத்தில் அவளுடைய பாட்டிலைத் திறக்கிறார்கள். உள்ளே ஒரு செதில்— (ஐயோ. இந்த வாக்கியத்தை முடிக்கவே கூச்சமாக இருக்கிறது.)

அவர் கடையில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. (இதை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வாயை மூடிக்கொண்டவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?)

6

முடி வளர்ந்தது. கடைக்குப் போனேன். இனிமேல் வருவது கற்பனை இல்லை.

அன்று பாட்டில் அக்காவுக்கு விடுமுறை. பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நாற்காலியில் ஊருக்குப் புதியவர் ஒருவர், முகம் முழுக்க நுரையோடு. "இங்க ஏரி ரொம்பப் பெருசாமே," என்று ஆரம்பித்தார்.

அக்காவின் பேப்பர் அசையாமல் நின்றது.

சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்தார். கண்ணாடி வழியாகப் பெஞ்சை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் ஒரு வாக்கியம் சொன்னார்; அது 'பாத்தா' என்ற சொல்லில் வந்து நின்றது.

புதியவர் நுரைக்குள்ளிருந்து, "பாத்தா?" என்று கேட்டார். பாத்தா என்ன ஆகும், மிச்சத்தையும் சொல்லுங்கள் என்கிற தோரணை.

அவர்மேல் தப்பில்லை. பேச்சில் 'பார்த்தாள்' என்பதும் 'பாத்தா'தான், 'பார்த்தால்' என்பதும் 'பாத்தா'தான். வாக்கியம் அங்கே முடிந்துவிட்டதா, அல்லது பழைய 'ஆம்' வாலை ஒட்டுவதற்கு முன்னால் மூச்சு வாங்க நின்றதா? குரல் இறங்கினால் முடிந்தது, ஏறினால் தொடர்கிறது. குரலைக் காகிதத்தில் வைக்கும் வித்தை எனக்குத் தெரியாது. முற்றுப்புள்ளி வைத்தால் நான் முடிவு செய்ததாகிவிடும். மூன்று புள்ளி வைத்தாலும் அப்படித்தான்.

அதனால் அந்த வாக்கியத்தை, முடிவில் ஒன்றும் வைக்காமல் தருகிறேன். வாய்விட்டு வாசியுங்கள். அவசரம் வேண்டாம். பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"இதோ உக்காந்திருக்காளே என் வீட்டுக்காரி, இவ அந்த ஏரியில பெரிய பாம்பப் பாத்தா