தீவுக்காரருக்கு ஒரு கம்பி

காலை நாலரைக்கு எழுவான். பல் துலக்குவான். அடுப்பில் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பான். தேநீர் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பான். சட்டையை மாட்டிக்கொண்டு ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டுவான், பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பான். ஐந்தரைக்குப் பால் பண்ணையின் சோதனைக்கூடத்தில் முதல் வண்டிப் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பான். ஏழு மாதமாக இதுதான். மனைவி செத்த மறுவாரமும் இதுதான். பார்த்தவர்கள் கல்நெஞ்சக்காரன் என்றார்கள். அவனுக்கும் அப்படித்தான் பட்டது. அழுகை வரவில்லை. கோபம் வரவில்லை. வந்ததெல்லாம் ஒரு புகைச்சல்தான்.

அந்தப் புகைச்சல் தீவுக்காரர் மேல்.

அவள் அமெச்சூர் வானொலிக்கு உரிமம் வாங்கியவள். மாடி அறையில் ஒரு ரேடியோப் பெட்டி, ஒரு மைக், வெளியே பக்கத்து மனையின் மரம் வரை இழுத்துக் கட்டிய ஒரு கம்பி. அதை வைத்துக்கொண்டு உலகம் முழுக்க முகம் தெரியாதவர்களோடு பேசுவாள். உரிமத் தேர்வுக்கு அவள் மட்டும் போகக் கூடாது என்பதற்காகவே அவனும் போனான். அவளைவிட நாலு மதிப்பெண் கூடுதலாக வாங்கினான். அதோடு சரி. அதன்பிறகு மைக்கைத் தொட்டதில்லை.

தீவுக்காரர் என்பது அவள் வைத்த பெயர். ஏதோ ஒரு தீவில் வானிலை அளக்கும் தமிழர். தினமும் காலை ஆறு பத்துக்கு இருபது மீட்டர் அலைவரிசையில் வருவார். அவளும் போவாள். விடுமுறை நாட்களில் படுக்கையில் கிடந்தபடி அவன் கேட்டுக்கொண்டிருப்பான். பேச்சு தெளிவாகக் கேட்காது. சிரிப்பு மட்டும் படியிறங்கி வரும்.

"அப்படி என்னதான் சொன்னாரு?" என்பான்.

"அங்க மழையாம்."

"அங்க மழை பெஞ்சா நாம இங்க குடை பிடிக்கணுமா?"

"உங்களுக்குப் பொறாமை."

"எனக்கா? அந்தக் கரகரத் தொண்டை மேலயா?"

"அது எப்படி உங்களுக்குத் தெரியும், கரகரன்னு? ஒட்டுக் கேட்டீங்களா?" என்று அதற்கும் சிரிப்பாள்.

கடைசி நாளுக்கு முந்தின இரவு அவன் வாயை அடக்கியிருக்கலாம். "அந்த ஆளோட பேசறதுல பாதி எங்கூடப் பேசினாப் போதும்" என்றான். அவள் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். காலையில் அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்பிப் போனான். ஏழு மணிக்குக் கீழ்வீட்டு டீச்சரிடமிருந்து போன் வந்தது. மாடிப்படியில் விழுந்து கிடந்தாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார் டாக்டர். கண் திறக்கவே இல்லை.

அவள் பதிவேட்டை அவன் காரியமெல்லாம் முடிந்தபின் எடுத்துப் பார்த்தான். பேசிய ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு வரி: தேதி, ஆரம்பித்த நேரம், யாரோடு, முடிந்த நேரம். கடைசி வரியில் ஆரம்பித்த நேரம் ஆறு பத்து. யாரோடு என்பதில் தீவுக்காரரின் அழைப்புக்குறி, வானொலியில் பெயருக்குப் பதிலாகச் சொல்லும் எழுத்துகள். முடிந்த நேரம் என்ற கட்டம் காலி.

ஆக, அவள் கடைசியாகப் பேசியது அந்த ஆளிடம். தாலி கட்டியவன் காதுக்குக் கிடைக்காதது எங்கோ கடலுக்கு நடுவே ஒருவன் காதில் கிடக்கிறது. அது அவனுக்கு வேண்டும். திருட்டுப் பொருளைத் திருப்பிக் கேட்பதுபோல் வேண்டும்.

முகவரி தேடிக் கடிதம் போட்டிருக்கலாம். ஆனால் எழுதுகிறவன் யோசிப்பான், அடித்துத் திருத்துவான். அந்த ஆள் வாயிலிருந்தே கேட்க வேண்டும். அதுவரை இழவுச் செய்தியைக்கூட அந்தத் தீவுக்கு அவன் அனுப்பவில்லை. ஊரெல்லாம் பங்கு போட்டுக்கொண்ட துக்கத்தில் அந்த ஆளுக்கு மட்டும் பங்கு தர மனசு வரவில்லை.

இதற்குள் பக்கத்து மனைக்காரர் வீடு கட்ட மரத்தை வெட்டிவிட்டார். கம்பி அறுந்து தொங்கியது. மரம் போகப் போகிறது என்பது அவளுக்கு முன்பே தெரியும். அதனால்தான் மரம் தேவைப்படாத செங்குத்து ஆன்டெனா ஒன்றுக்கு நோட்டில் படம் போட்டு, பன்னிரண்டு மீட்டர் ஃபைபர் கம்பமும் வாங்கிப் போட்டிருந்தாள். ஒரே கம்பம், அதில் நாலு அலைவரிசைக்கு நாலு நீளத்தில் நாலு கம்பி. அடியில் எல்லாம் ஒரே இடத்தில் சேரும். அங்கிருந்து மாடித் தரை முழுக்கக் குடைக்கம்பி மாதிரி தரைக்கம்பிகள் விரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானைக் கூப்பிட்டான். மச்சான் அவளுடைய அண்ணன், பிளம்பர். வாய் ஓயாது.

"ஏழு மாசமா ஒரு வார்த்தை பேசாம இருந்துட்டு, இப்ப யார்கூட மாப்பிள்ளை பேசப் போறீங்க?" என்றார் கம்பத்தைத் தோளில் ஏற்றியபடி.

"சும்மா. அவ ஆரம்பிச்ச வேலை."

"சும்மா ஆடுமா குடுமி?"

 கைப்பிடிச் சுவரில் இரண்டு கிளாம்பு அடித்துக் கம்பத்தை நிறுத்தினார்கள். மூன்று பக்கமும் நைலான் கயிறு இழுத்துக் கட்டினார்கள். மச்சான் நோட்டைப் பார்த்து அளவு சொல்ல, அவன் கம்பியை வெட்டினான்.

"பத்து மீட்டர் முப்பது. ம். அடுத்தது அஞ்சு மீட்டர் ஆறு சென்டி. பக்கத்துல ஏதோ பொடி எழுத்துல எழுதியிருக்கு. தீவு."

அவன் நோட்டை வாங்கிப் பார்த்தான். இருபது மீட்டர் அலைவரிசைக்குக் கால்வாசி நீளக் கம்பி; அந்த அலைவரிசைக்குள்ளும் ஒரு மூலை உண்டு. அந்த ஆள் உட்காரும் மூலைக்கென்றே கணக்குப் போட்டுக் கம்பியின் நீளத்தை வைத்திருக்கிறாள். மற்ற மூன்று கம்பிக்கும் வெறும் எண்தான். இதற்கு மட்டும் பெயர்.

அவன் டேப்பைப் பிடித்தான். ஒரு சாண் குறைத்து வெட்டினான்.

மச்சான் தரையில் விழுந்த துண்டைப் பார்த்தார். "மாப்பிள்ளை, அளவு தப்பு."

"சரியாத்தான் இருக்கு."

"பைப்பு வெட்டியே பொழைக்கறவன்கிட்ட சொல்றீங்க. கூடப்போனாக் குறைச்சுக்கலாம், குறைஞ்சுபோனா என்ன பண்ணுவீங்க? இழுத்தா நீள இது ரப்பரா?"

"அவ வேற கணக்குல எழுதியிருக்கா. கட்டுங்க."

கட்டினார். ஆனால் அன்று மாலை வரை அவர் வேறு ஜோக் அடிக்கவில்லை.

மறுநாளிலிருந்து இரண்டு நாள் விடுப்பு. ஆறு மணிக்கு அவன் மாடி அறையில், அவள் நாற்காலியில் உட்கார்ந்தான். பெட்டியைப் போட்டான். ஆறு பத்துக்கு இரைச்சலுக்குள்ளிருந்து அந்தக் கரகரத் தொண்டை வந்தது. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, ஒரு அழைப்புக்குறியை மூன்று முறை சொன்னது.

அவளுடையது.

"வணக்கம். இருக்கீங்களா? கேட்டுட்டிருக்கேன்."

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். மறுபடி அதே குறி. மறுபடி இரைச்சல். ஆறே முக்கால் வரை இப்படியே. எத்தனை நாளாகக் கூப்பிடுகிறானோ இந்தத் தீவுக்காரன். வீட்டில் அவள் புடவைகளைக்கூட எடுத்துக் கொடுத்தாகிவிட்டது. இவன் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். தான் ஒருநாளாவது அப்படிக் கூப்பிட்டதுண்டா என்று அவனுக்குத் தோன்றியது. 

மைக்கை எடுத்து அழுத்தினான். பக்கத்து மீட்டரில் முள் துள்ளி ஏறியது. அனுப்பும் சக்தியில் பாதிக்கு மேல் வெளியே போகாமல் திரும்பி வருகிறது. பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முனகலாகச் சுருங்கிவிட்டது. கேட்கிறது, சொல்ல முடியவில்லை. அந்த ஆள்மேல் இருந்த கடுப்பில் வெட்டிய ஒரு சாண், அவனையே வெளியே நிறுத்திவிட்டது.

அன்று சாயங்காலம் மச்சானுக்குப் போன் செய்தான்.

"அந்தத் துண்டு இருக்கா?"

"எந்தத் துண்டு?" என்றார் மச்சான். தெரிந்தே கேட்டார்.

"ஒரு சாண்."

"வண்டியிலதான் கிடக்கு. வரேன்."

ஏணி போட்டு ஏறி, துண்டைச் சேர்த்து முறுக்கிப் பற்றவைத்தார். இறங்கிவந்து மீட்டரைப் பார்த்தால் இருபது மீட்டர் அலைவரிசை சரியாகிவிட்டது, பத்து மீட்டர் அலைவரிசை கெட்டுவிட்டது. அதைச் சரிசெய்தால் பதினைந்து முறைத்துக்கொண்டது.

"கூட்டுக்குடும்பம் மாப்பிள்ளை. ஒருத்தரைத் தொட்டா எல்லாருக்கும் கோபம் வரும்" என்றார் மச்சான். பிறகு கயிற்றை இறுக்கிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னார்: "எனக்கும்தான் அந்த ஆள்மேல கடுப்பு. என் தங்கச்சி அவன்கிட்ட பேசற மாதிரி எங்கிட்ட நாலு வார்த்தை பேசினதில்ல. அதுக்காகக் கம்பியை வெட்டினா யாருக்கு நட்டம்?"

அவன் ஸ்பேனரை நீட்டினான். மற்ற மூன்றையும் அப்படியே விட்டுவிடச் சொன்னான். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான்.

அடுத்த நாள் ஆறு பத்து. அந்தக் குரல் அவள் குறியை மூன்று முறை சொல்லி நிறுத்தியது. அவன் மைக்கை அழுத்தித் தன் குறியைச் சொன்னான். தேர்வு எழுதிய நாளுக்குப் பிறகு முதல் தடவை. நாக்கு தடுமாறியது. முள் அசையாமல் கீழேயே கிடந்தது.

"வணக்கம் நண்பரே, நல்லாக் கேக்குது" என்றது குரல். "ஆனா மன்னிக்கணும். இந்த நேரத்தை ஒருத்தங்களுக்காக வெச்சிருக்கேன். அரை மணி கழிச்சுக் கூப்பிடுங்க, தாராளமாப் பேசலாம். ஓவர்."

அவன் வீட்டில், அவன் மனைவியின் நாற்காலியில், அவனையே வெளியில் காத்திருக்கச் சொல்கிறான் ஒருவன். கை மைக்கை நெரித்தது.

"அவ வரமாட்டா. செத்து ஏழு மாசம் ஆச்சு. நான் அவ புருஷன். ஓவர்."

இரைச்சல். இந்தப் பேச்சில் குறுக்கே புக முடியாது. ஒருவர் விட்டால்தான் ஒருவர். அவன் விட்டுவிட்டான். எதிரே எடுக்க ஆளில்லை. ஒரு நிமிடம் போனது.

"எப்ப?" என்றது குரல். ஓவர் சொல்ல மறந்துவிட்டது.

தேதியைச் சொன்னான்.

"அன்னிக்கா? அன்னிக்கு எங்கூடப் பேசினாங்களே."

"அதான் கேக்கறேன். கடைசியா என்ன சொன்னா? ஓவர்."

மறுபடி இரைச்சல். பிறகு குரல் மெதுவாக, வழவழப்பாக வந்தது. "உங்களைப் பத்தித்தாங்க சொன்னாங்க. என் வீட்டுக்காரர் மாதிரி ஒருத்தர் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்னு சொன்னாங்க. ஓவர்."

ஐந்து வருடப் பால் சோதனை. தண்ணீர் கலந்ததை அவனுக்குக் கருவி வைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

"அவ என்னை ஒருநாளும் வீட்டுக்காரர்னு சொன்னதில்ல. நம்ம ஆளுன்னுதான் சொல்லுவா. இந்த ஆறுதலெல்லாம் எனக்கு இங்கயே நிறையக் கிடைச்சாச்சு. நிஜமா என்ன சொன்னாளோ அதைச் சொல்லுங்க. ஓவர்."

"வேண்டாமே. கேட்டா உங்களுக்குப் பிடிக்காது. அது சும்மா, பேச்சுவாக்குல வந்தது. ஓவர்."

"பிடிக்கறதுக்காக நான் கம்பம் நடல. ஓவர்."

தீவுக்காரர் பெருமூச்சு விட்டது இரைச்சலைத் தாண்டிக் கேட்டது. "சரி. அன்னிக்கு ஏழு மணி வரைக்கும் காத்திருந்தேன். மறுநாளும் வந்தேன். அப்புறம் தினமும். ஆறு பத்துக்கு யார் கூப்பிட்டாலும் அரை மணி கழிச்சு வாங்கன்னுதான் சொல்றேன். ஏன்னா அவங்க போறப்ப சொன்னது இதுதான்: தலை என்னமோ பண்ணுது, முகம் கழுவிட்டு ஓடி வந்துடறேன், அதுக்குள்ள வேற யார்கூடவாவது பேசப் போனீங்க, தெரியும் சேதி."